சந்துக்குப் போன சாவு

அங்கம்மாளின் கணக்கில் இந்த ஊரில் பெரிய மனிதர் என்று ஒருவரும் கிடையாது. பட்டுக்கடை முதலாளி, முனிசிபல் கவுன்சிலர், இன்ஸ்பெக்டர், கோயிலில் முதல் மாலை வாங்குகிறவர் என்று யார் எதிரே வந்தாலும் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்ப்பாள். பிறகு வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, "வந்துட்டாரு" என்பாள். அந்த ஒரு சொல்லில் ஆள் பாதியாகிவிடுவார். பிள்ளையார்பாளையத்தில் அவள் கடைசிவரை இருந்த வீட்டுக்கு வாடகை கேட்டு வருகிறவன்கூட எட்ட நின்றுதான் குரல் கொடுப்பான்.

அந்த வாயில் பாதி அவள் கூடப் பிறந்தது. மீதியைக் கொடுத்தது இந்த ஊர். எப்படிக் கொடுத்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவள் கூரத்துக்காரி. அப்பாவுக்குக் கிணற்றடியில் கொஞ்சம் நிலம் இருந்தது. மாப்பிள்ளைக்குக் கவர்மென்ட் உத்தியோகம் என்ற பெருமையில் அதில் பாதியை விற்று, கான்ஸ்டபிள் காசிநாதனுக்குக் கட்டிக் கொடுத்தார். போலீஸ் லைனுக்குக் குடிவந்த மறுநாள் காலையில், காக்கி அரை டிராயரும் கையில் கம்புமாக ட்யூட்டிக்குக் கிளம்பி நின்ற புருஷனைப் பார்த்தாள். குச்சி மாதிரி இரண்டு கால், அதில் பெரிதாக இரண்டு முட்டி. "இந்த முட்டிக்கா எங்கப்பன் நெலத்த வித்தாரு" என்றாள். காசிநாதன் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தான். பெண்டாட்டி என்ன பேசினாலும் சிரிக்கிற அந்தக் குணத்துக்காகத்தான் அவள் அவனை மன்னித்தாள்.

மற்றபடி அவன் தியாகியும் இல்லை, வீரனும் இல்லை. விளக்கில்லாத சைக்கிளை நிறுத்தி, ஓட்டி வந்தவன் காசில் டீயும் மசால்வடையும் சாப்பிட்டுவிட்டு, புத்தி சொல்லி அனுப்புகிற சாதாரணப் போலீஸ்காரன். யாரையும் அடித்துப் பல்லை உடைத்ததில்லை, அதற்கு வேண்டிய கோபம் அவனிடம் இல்லை. திருடனைத் துரத்திப் பிடித்ததில்லை, அதற்கு வேண்டிய மூச்சும் இல்லை. செத்த பிறகு ஊர் அவனைப் பற்றிப் பேசிய நல்ல வார்த்தைகளைக் கேட்டிருந்தால், வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்திருப்பான்.

காஞ்சிபுரத்தில் போலீஸ்காரனுக்குத் திருடன் வைக்கிற வேலை கொஞ்சம், சாமி வைக்கிற வேலைதான் அதிகம். ஒரு கோயிலில் கொடி இறங்கினால் இன்னொரு கோயிலில் கொடி ஏறும். அதிலும் வைகாசி கருடசேவை வந்துவிட்டால் ஊரில் எள் போட இடமிருக்காது. சாமியைச் சுற்றிலும் வடக்கயிறு பிடித்துக் கூட்டத்தைத் தள்ளி நிறுத்துகிற வேலை கான்ஸ்டபிள்களுடையது. கயிறு பிடிக்கிறவன் கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். சாமி அவன் முதுகுக்குப் பின்னால் போகும். எத்தனையோ வருஷம் கருடசேவைக்குப் போன காசிநாதன் பெருமாளை ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. "பெருமாளு ஒன் முதுகத்தான் சேவிச்சுக்கினு போறாரு. சட்டையாவது தொவைச்சுப் போட்டுக்கினு போ" என்று அங்கம்மாள் கிண்டல் செய்வாள். அதற்கும் சிரிப்பான்.

அறுபத்தொன்பதாம் வருஷம் கொடியேறுவதற்கு முன்பிருந்தே அவனுக்கு வீடு தங்கவில்லை. நெசவாளர் சங்கத் தேர்தலில் அடிதடி என்று அங்கே காவல் நின்றான். அது அடங்குவதற்குள் மந்திரி வருகிறார் என்று சாலையோரத்தில் நின்றான். மந்திரியின் கார் தூசி அடங்குவதற்குள் உற்சவம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவான். கருடசேவைக்கு முதல் நாள் மாலை இடது தோளைப் பிடித்துக்கொண்டு, "இங்க யாரோ ஆணி அடிக்கற மாதிரி இருக்குது" என்றான். ஸ்டேஷனுக்குப் போய் லீவு கேட்கச் சொல்லி அனுப்பியவள் அங்கம்மாள்தான்.

இன்ஸ்பெக்டர் சீனிவாசன், மேலதிகாரி சொல்லாமல் தும்மக்கூட மாட்டார். அவர் காசிநாதனின் முகத்தைப் பார்த்தார், மறுநாள் கயிறு பிடிக்க இருந்த ஆட்களை எண்ணிப் பார்த்தார். "வாயுய்யா அது. ராத்திரி இஞ்சி தட்டிப் போட்டுக் கஷாயம் குடி. கருடசேவை முடியட்டும், அப்புறம் எவ்வளவு வேணா படுத்துக்கோ" என்றார். காசிநாதன் கஷாயம் குடித்துவிட்டு, விடியும் முன்பே போய்க் கயிற்றைப் பிடித்தான்.

பிறகு நடந்ததை அங்கம்மாள் முனுசாமியிடமிருந்தும் அம்சாவிடமிருந்தும் தெரிந்துகொண்டாள். முனுசாமி, காசிநாதனுக்குப் பக்கத்தில் அதே கயிற்றைப் பிடித்திருந்த கான்ஸ்டபிள். அம்சா, தெருவோரத்தில் பானை வைத்து மோர் விற்றவள்.

அவர்கள் நின்றிருந்தது பட்டுக்கடை ராஜகோபால் தன் கடை வாசலில் போட்டிருந்த பந்தலுக்கு நேர் எதிரே. ராஜகோபால் மண்டகப்படிக்காக எத்தனையோ வருஷம் அலைந்தவர். ஊர்வலம் வருகிற வழியில் உபயதாரர் போட்ட பந்தலில் சாமி நின்று படையலை ஏற்கும். கூடவே உபயதாரர் தலையில் பரிவட்டம் கட்டி, கழுத்தில் மாலை போடுவார்கள். பட்டு விற்றுச் சம்பாதித்த எதுவும் அந்த ஒரு முழத் துணிக்கு ஈடாகாது என்று நினைக்கிற ஜாதி மனிதர் அவர். முதல்முறையாக அந்த வருஷம்தான் கிடைத்திருந்தது.

தெருமுனையில் பெருமாளின் குடைகள் தெரிந்தன. கூட்டம் ஒரே அலையாக முன்னால் வந்து கயிற்றின்மேல் சாய்ந்தது. காசிநாதன் இரண்டு கையாலும் கயிற்றை நெஞ்சோடு சேர்த்து இழுத்துப் பிடித்தான். அப்படியே முழங்கால் மடிந்து உட்கார்ந்தான், பிறகு பக்கவாட்டில் சரிந்தான். முனுசாமி குனிந்து மூக்கில் விரல் வைத்துப் பார்த்தான். மூச்சு இல்லை. அம்சா ஓடிவந்து வாயில் மோரை ஊற்றினாள். ஊற்றிய மோர் கடைவாய் வழியாக அப்படியே வெளியே வந்தது.

பிணம் கிடக்கிற தெருவில் சாமி வராது. இது காஞ்சிபுரத்தில் நடக்கக் கற்கிற குழந்தைக்கும் தெரியும். கோயில் தெருவில் ஒரு சாவு விழுந்தால், பிணத்தை எடுக்கும்வரை பூஜை நிற்கும், அதனால் அழுகிற பெண்களைக்கூட அவசரப்படுத்துவார்கள். இப்போது குடை தெருவுக்குள் வந்துவிட்டது. நாதஸ்வரம் கேட்கிறது. பந்தலில் படையல் ஆறிக்கொண்டிருக்கிறது.

ராஜகோபால் பந்தலிலிருந்து இறங்கி வந்தார். பார்த்தார். "மயக்கம்" என்றார். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று இன்னொருமுறை, "வெயில் மயக்கம், ஒண்ணும் இல்ல" என்றார். இன்ஸ்பெக்டர் சீனிவாசன் அவர் முகத்தைப் பார்த்தார். அந்த இடத்தில் அவருக்கு மேலதிகாரி யார் என்று புரிந்துபோயிற்று. "ஆமா, மயக்கம்தான். தூக்கு, தூக்கு" என்றார். கருட வாகனத்துக்கு முன்னால் வந்த கோயில் ஆள் தூரத்திலிருந்தே என்ன என்று கையால் கேட்டான். மயக்கம் என்று நாலு பேர் கையால் பதில் சொன்னார்கள். விழுந்த தொப்பியை எடுத்துக் காசிநாதன் தலையில் வைத்து, ஒரு ரிக்‌ஷாவில் உட்கார வைத்தார்கள். முனுசாமி பக்கத்தில் உட்கார்ந்து, தலை தொங்கிவிடாதபடி தோளோடு அணைத்துக்கொண்டான். ரிக்‌ஷா தெருவை விட்டுத் திரும்பவும், பெருமாள் பந்தலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. ராஜகோபாலின் தலையில் பரிவட்டம் ஏறியது.

லைன் வீட்டு வாசலில் ரிக்‌ஷா நின்றபோது அங்கம்மாள் தறிக்காரர் ஒருவருக்காக நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தாள். புருஷனை ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"இது மயக்கமாப்பா?"

முனுசாமி தலையைக் குனிந்துகொண்டான். "யக்கா, பெருமாளு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் சத்தம் போட வேணாம்னு சொன்னாங்க. பக்கத்துத் தெருவுலதான் வந்துக்கினு இருக்குது. இங்க அழுதா அங்க நின்னுடும். பெருமாள நிறுத்தினவன்னு அண்ணன் பேர்ல பழி வந்துடும்கா."

யாருக்கும் பயப்படாதவள் அன்றைக்குப் பயந்தாள். மாலை வாங்குகிறவர்கள்தான் அவளுக்கு இளப்பம், பெருமாள் அல்ல. காசிநாதனைப் பாயில் படுக்க வைத்து, தலைமாட்டில் உட்கார்ந்தாள். திருவிழா பார்க்கப் போயிருந்த மகள் வள்ளி, கையில் பொரி உருண்டையோடு வந்து, அப்பாவைப் பார்த்து வாயைத் திறந்தாள். அந்த வாயை அங்கம்மாள் உள்ளங்கையால் பொத்தினாள். பெண் திமிறத் திமிற அவளை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வீட்டுக் கங்கையம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னாடி, ரிக்‌ஷா வந்துச்சு?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்ல. மயக்கம்" என்றாள் அங்கம்மாள். நாதஸ்வரம் தூரத்தில் தேய்ந்து போயிற்று. மண்டபத்தில் வெடி போட்ட சத்தம் கேட்ட பிறகுதான் மகளின் வாயிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு பேரும் அழுதார்கள்.

பெருமாளுக்காக அடக்கின அந்த அழுகையை வைத்துத்தான் அவளைக் கவிழ்த்தார்கள்.

வேலையில் செத்த போலீஸ்காரன் குடும்பத்துக்குச் சர்க்கார் தனியாகப் பென்ஷன் கொடுக்கும், பெண்டாட்டிக்குச் சாகும்வரை வரும் என்று முனுசாமி சொன்னான். வீட்டில் செத்தவன் குடும்பத்துக்குக் கிடைப்பது உப்புக்கும் காணாது. லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லி அதற்குள் ஆள் வந்துவிட்டது. அப்பா விற்றது போக மிச்சமிருந்த நிலத்தைத் தம்பிமார் பங்கு போட்டுக்கொண்டாயிற்று, கூரத்துக்குப் போனால் சோற்றுக்கு முன்னால் சொல்தான் விழும். வள்ளியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி யார் வீட்டிலாவது தறிக்கு அனுப்ப வேண்டியதுதான். அதனால் கேட்டாள். புருஷன் வேலையில்தான் செத்தார், தெருவில் கயிற்றோடு செத்தார், அதைச் சொல்லுங்கள் என்றாள்.

டி.எஸ்.பி. விசாரணைக்கு வந்தார். நாற்காலி போட்டு, மின்விசிறியைத் திருப்பி வைத்து, இளநீர் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் சீனிவாசன் நின்றுகொண்டே வாசித்தார். கான்ஸ்டபிளுக்கு வெயிலில் மயக்கம் வந்தது, உடனே ட்யூட்டியிலிருந்து விடுவித்து வீட்டுக்கு அனுப்பினோம், வீட்டில் ஓய்வெடுக்கும்போது மாரடைப்பில் இறந்தார். அந்தத் தமிழில் காசிநாதன் கடைசியாக ஏதோ சுகப்பட்டுவிட்டுப் போனதுபோல் இருந்தது.

முனுசாமியைக் கேட்டார்கள். அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு. "மயக்கம்னு சொன்னாங்கய்யா" என்று சொல்லிவிட்டுத் தன் பூட்ஸைப் பார்த்தான். கங்கையம்மாளைக் கேட்டார்கள். பாவம், அவள் பொய்யே சொல்லவில்லை. "ரிக்‌ஷா வந்தப்ப மயக்கம்னுதான் சொல்லிச்சு. அழுவற சத்தம் மதியத்துக்கு மேலதான் கேட்டுச்சுங்க" என்றாள்.

டி.எஸ்.பி. அங்கம்மாள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, புருஷன் பொணமாத்தான் வீட்டுக்கு வந்தார்னா நீ ஏன் அழல?"

"அழக்கூடாதுன்னு சொன்னாங்கய்யா."

"யார் சொன்னது?"

அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அப்படி எதுவும் சொல்லலைங்க சார்" என்றார். அது உண்மைதான், அவர் நேரில் வந்து சொல்லவில்லை. ஆள் விட்டுச் சொன்னார்.

"அப்படியே தெருவுல விழுந்தார்னு வச்சுக்கிட்டாலும், திருடன் குத்தினானா, குண்டு பட்டதா? நெஞ்சு அவரோட நெஞ்சும்மா. அது நின்னா டிபார்ட்மென்ட் என்ன பண்ணும்?" என்றார் டி.எஸ்.பி.

"நெஞ்சு அவருதுதாங்க. அத்த ஒக்கார உடாம நிக்க வெச்சது யாரு? முந்தின நாளே வலிக்குதுன்னு வந்து நின்னாரே, கஷாயம் குடின்னது யாரு?"

அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. டி.எஸ்.பி. இளநீரை முடித்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் அங்கம்மாள் ராஜகோபாலின் கடைக்குப் போனாள். மெத்தையில் உட்கார்ந்து கல்யாணக் கும்பலுக்குப் புடவை விரித்துக்கொண்டிருந்தவர், இவளைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டு போனார். வெள்ளைப் புடவைக்காரி முன்னால் நின்றால் கல்யாண வியாபாரம் நடக்குமா. பரிவட்டம் கட்டிய தன்னுடைய போட்டோவைச் சட்டம் போட்டு அங்கே மாட்டியிருந்தார். அங்கம்மாள் போட்டோவையும் பார்த்தாள், ஆளையும் பார்த்தாள்.

"ஒரு வார்த்த சொன்னீங்கன்னா போதும் மொதலாளி. ஒங்க பந்தல் எதுர்லதான் செத்தாரு. ஒங்களுக்குத் தெரியும்."

ராஜகோபால் குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரும்மா. ஒன் வூட்டுக்காரரு புண்ணியவான். கருடசேவை அன்னிக்குப் போவணும்னா குடுத்து வெச்சிருக்கணும். அத்த ஏன் கெடுக்கற? தெருவுல செத்தார்னு இப்ப சொன்னா, பொணம் உழுந்த எடத்துல பெருமாள எழுந்தருளப் பண்ணிட்டோம்னு ஆவும். கோயில்ல பரிகாரம் பண்ணணும். ஊருக்கே தீட்டு. மழை இல்லன்னாகூட ஒன்னத்தான் சொல்லுவாங்க."

"பேஞ்சா யாரச் சொல்லுவீங்க?"

ராஜகோபால் பெரிய மனசு பண்ணிக்கொண்டு, "கடைல ஒரு பொடவ எடுத்துக்கோ. நூல் பொடவை" என்றார். பட்டுப் புடவைகள் கூரைவரை அடுக்கியிருந்த அந்த அறையில் நின்றுகொண்டு, நூல் புடவை என்று திருத்திச் சொன்னாரே, அந்த ஜாக்கிரதையை அங்கம்மாள் சாகும்வரை மறக்கவில்லை. யாருக்காவது கஞ்சனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் "நூல் பொடவ" என்று மட்டும் சொல்வாள்.

வாசல்வரை போனவள் திரும்பினாள். அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

"சரி மொதலாளி. பொடவ வேணாம். வர்ற கருடசேவையோட அவருக்கு வருஷம் திரும்புது. செத்த எடத்துலதான் மொத வருஷத்து எலை போடணும்னு எங்க கூரத்துல ஒரு வழக்கம். ஒங்க பந்தல் வாசல்ல வந்து போடறேன். எலைல சோத்த வெச்சு காக்காயக் கூப்பிட்டுக்கினு ஒக்காந்திருப்பேன். பெருமாளு அதத் தாண்டி வந்து நின்னா நிக்கட்டும்."

கூரத்தில் அப்படி ஒரு வழக்கம் என்றைக்கும் இருந்ததில்லை. அந்த நிமிஷம் அவள் வாயில் பிறந்த வழக்கம் அது. ஆனால் இந்த ஊரில் வழக்கம் என்று ஒருத்தி அழுத்தமாகச் சொல்லிவிட்டால், அதைச் சாஸ்திரத்தில் தேடிப் பார்க்கிற தைரியம் எவருக்கும் வராது. ராஜகோபாலின் முகம் சாயம் போன துணி மாதிரி ஆயிற்று. போலீஸை வைத்து அவளை இழுத்துப் போடலாம். அப்புறம் ஏன் இழுத்தார்கள் என்று ஊர் கேட்கும். எங்கே செத்தான் என்று கேட்கும். அந்தக் கேள்வி கிளம்பிவிட்டால் மண்டகப்படி அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

பெரிய மனிதர்கள் கூடினார்கள். ராஜகோபால், இன்ஸ்பெக்டர் சீனிவாசன், கோயில் காரியம் பார்க்கிற இரண்டு பேர். ஏழைக்கு ஒரு வழி செய்வதற்குக் கூடினார்கள் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் கண்டுபிடித்த வழியைச் சொல்லி அனுப்புவதற்கு அந்த முனுசாமிதான் கிடைத்தான்.

"யக்கா, அண்ணன் ட்யூட்டிலதான் செத்தாருன்னு எழுதிக் குடுத்துடறாங்களாம். ராப்பகலா ஓயாம பந்தோபஸ்து பாத்ததுல நெஞ்சு தாங்கலன்னும் எழுதறாங்களாம். இன்ஸ்பெக்டரே சொல்லிட்டாரு. ஆனா தெருவுல இல்லயாம்."

"வேற எங்க? ஆகாசத்துலயா?"

"கடைக்குப் பின்னால கக்கூஸ் சந்து இருக்குதில்ல. கூட்டம் அதும் வழியா வந்துடக் கூடாதுன்னு அண்ணன அங்க காவலுக்கு நிக்க வெச்சாங்களாம். அங்க உழுந்துட்டாராம்." முனுசாமி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "அது பெருமாளு போவாத எடம்கா. தீட்டு இல்ல."

அங்கம்மாள் சிரித்தாள். காசிநாதன் போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல்முறை. சர்க்காருக்கு ஒரு சாவு வேண்டும், பெருமாளுக்குச் சாவே கூடாது. இரண்டு பேருக்கும் நடுவில் அவள் புருஷனைத் தூக்கிக்கொண்டுபோய் மலக்கூடை வைக்கிற சந்தில் போட்டால் எல்லாம் சரியாகிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க நாலு தலை வேண்டியிருந்திருக்கிறது.

போய்ச் சொல், முடியாது என்று நாக்கு நுனிவரை வந்தது. உள்ளே வள்ளி பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். "எழுதச் சொல்லுப்பா" என்றாள் அங்கம்மாள். ஊரில் உள்ளவர்களைப் பார்த்தால் வருகிற அந்த இகழ்ச்சி அன்றைக்கு அவளுக்குத் தன்மேலேயே வந்தது. அது பிறகு முழுதாகப் போகவே இல்லை.

டி.எஸ்.பி. மறுபடி வந்தார், இந்தமுறை இடத்தைப் பார்க்க. வீடுகளின் கக்கூஸ் பின்கதவுகள் வரிசையாகத் திறக்கிற சந்து அது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு அடி உள்ளே வந்தவர், "இங்கேயா?" என்று கைக்குட்டைக்குள்ளிருந்து கேட்டார். "இங்கேதான் சார்" என்றார் இன்ஸ்பெக்டர். சுவரோரத்தில் ஒரு ஈரமான இடத்தைக் காட்டி, "இங்க உழுந்தாருங்கய்யா" என்றான் முனுசாமி. மோர் ஊற்றிய சாட்சியாக அம்சாவையும் கூட்டி வந்திருந்தார்கள். "நீ எங்கேம்மா கடை வச்சிருந்த?" என்று டி.எஸ்.பி. கேட்டார். அம்சா சந்தை மேலும் கீழும் பார்த்தாள். "இங்கதாங்க" என்றாள். பிறகு திரும்பி, அங்கம்மாள் காதுக்கு மட்டும், "இந்த நாத்தத்துல எவன்யக்கா மோரு வாங்குவான்" என்றாள்.

டி.எஸ்.பி. அதையெல்லாம் கேட்கவில்லை. சீக்கிரம் வெளியே போக வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு. போன தடவை காசிநாதனின் சொந்த நெஞ்சாக இருந்தது இந்தத் தடவை சர்க்கார் நெஞ்சாகிவிட்டது. நாற்றத்துக்கு அவ்வளவு சக்தி.

பென்ஷன் வந்தது. அங்கம்மாள் லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு, பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டின் பின்கட்டில் குடியேறினாள். வள்ளி பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஆனால் ஊர் சும்மா இருக்குமா. மயக்கம் என்று சொன்ன அதே வாய்கள் இப்போது வேறு கேட்டன. பெருமாள் வருகிற நேரத்தில் கான்ஸ்டபிளுக்குக் கக்கூஸ் சந்தில் என்ன வேலை? ஒதுங்கப் போயிருப்பான், பீடி பிடிக்கப் போயிருப்பான், கயிறு பிடிக்கச் சோம்பல்பட்டு ஒளிந்திருப்பான் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். புண்ணியவான் என்று சொன்ன ராஜகோபாலே கடையில் யாரிடமோ, "எல்லாருக்குமா பெருமாள் சேவை கெடைக்கும், அதுக்கும் ஒரு யோகம் வேணும்" என்றாராம். அது அங்கம்மாள் காதுக்கு வந்தது. "வந்துட்டாரு" என்றுகூட அவள் சொல்லவில்லை.

அடுத்த வைகாசி வந்தது. கருடசேவை அன்றைக்கு அவள் பந்தலுக்கு எதிரே வந்து நின்றதைப் பார்த்ததும் ராஜகோபால் பதறிப்போய் அவள் கைகளைப் பார்த்தார். இலை இல்லை, சோறு இல்லை, வெறும் கை. மூச்சு விட்டுக்கொண்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

காசிநாதன் நின்ற அதே இடத்தில் வேறொரு கான்ஸ்டபிள் கயிற்றைப் பிடித்திருந்தான். வேலைக்குப் புதியவன் போலிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தெருமுனையில் குடைகள் தெரிந்தன. கூட்டம் முழுக்கக் கையைத் தலைக்கு மேலே தூக்கியது. பின்னாலிருந்து தள்ளிய தள்ளலில் அங்கம்மாள் கயிற்றின்மேல் வந்து சாய்ந்தாள். பெருமாளைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்தாள்.

"தோளு வலிக்குதாப்பா?"

"லேசாம்மா. நேத்துலேந்து நிக்கறேன்."

"நெஞ்சுக்கு வந்துச்சுன்னா இங்க உழுந்துடாதப்பா" என்றாள், ராஜகோபாலுக்கும் கேட்கிற குரலில். "கடைக்குப் பின்னால ஒரு சந்து இருக்குது. எப்படியாவது அங்க போயிடு. அங்க செத்தாத்தான் செத்தவன்னு ஒத்துக்குவாங்க."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, கூட்டத்தைத் தள்ளி நிறுத்துகிற மும்முரத்தில் இருந்தான். பந்தலில் பரிவட்டம் கட்டத் தலையைக் குனிந்த ராஜகோபால், கட்டி முடித்த பிறகும் வெகுநேரம் நிமிரவில்லை.